கெட்டவன் பிள்ளையும் கெட்டவனா, அம்மா?

பல்லாங்குழியில் நல்லவர், கெட்டவர் என்று யாரும் கிடையாது. தாயத்தில் எதிராளியின் காயை வெட்டினால் பாவம் என்று யாரும் சொல்வதில்லை. பழைய பரமபதப் படத்தில் ஏணிக்குப் புண்ணியத்தின் பெயரும் பாம்புக்குப் பாவத்தின் பெயரும் எழுதியிருக்கும், வாஸ்தவம்தான். ஆனால் அங்கேகூட ஏறுவதும் இறங்குவதும் கட்டை விழுகிற விதத்தைப் பொறுத்தது. ஆடுகிறவர் யோசித்துத் தேர்ந்தெடுப்பது எதுவும் இல்லை.

குழந்தையைப் பார்த்து, "உன் எதிரே ஒருத்தன் கை கட்டப்பட்டு நிற்கிறான். நேற்று ஊரைக் கொள்ளையடித்தவன். இன்று உயிருக்குக் கெஞ்சுகிறான். நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறது என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? என் பதின்மூன்று வயது மகன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத்தான் விளையாடுகிறான்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்ஸின் மாநிலத்தில், மில்வாக்கி நகருக்குப் பக்கத்தில். இங்கே குளிர்காலம் ஒரேயடியாக நீண்டுகொண்டே போகும். வெளியே பனி கொட்டும்போது பிள்ளைகள் எங்கே போவார்கள்? எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் ஐந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பென்சில், காகிதம், விதவிதமான பகடைகள். இருபது முகம் கொண்ட பகடைகூட உண்டு! ஒருவர் கதை சொல்கிறவர். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரன், வைத்தியன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம். "குகை வாசலில் காவல்காரன் தூங்குகிறான், என்ன செய்கிறீர்கள்?" என்று இவன் கேட்பான். அவர்கள் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளேதான் தீர்மானிக்க வேண்டும்.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். இது பிறந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி தூரத்தில் இருக்கிறது. லேக் ஜெனீவா என்று ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை போன பிறகு வீட்டிலேயே செருப்பு ரிப்பேர் செய்து குடும்பம் நடத்தியவர் கேரி கைகாக்ஸ். அவரும் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கியது இது. கைகாக்ஸ் தன் கதையை முதன்முதலில் விளையாட வைத்தது யாரைத் தெரியுமா? 1972-ல், தன் சொந்த மகனையும் மகளையும்! 1974-ல் மூன்று சின்னப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு ஆயிரம் பெட்டிகள் விற்றார்கள். இன்று உலகம் முழுக்க விளையாடுகிறார்கள்.

கும்பகோணத்திலிருந்து என் மாமியார் ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். பகடையைக் கண்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா, சூதாட்டம் மாதிரி இருக்கே? பாண்டவா நாடிழந்தது இதாலதானே?"

"காசு வச்சு ஆடறதில்லே அத்தை. கதைதான்."

"கதையா? பேய், பிசாசுன்னு புஸ்தகத்துல படம் போட்டிருக்கானே!"

அத்தை மட்டும் அல்ல, பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டியும் என்னிடம் தனியாகச் சொன்னார், "ஜாக்கிரதை, எங்கள் காலத்தில் இதற்கு எவ்வளவு கலாட்டா தெரியுமா?" என்று. அது நிஜம்தான். 1982-ல் வர்ஜீனியாவில் பட்ரீஷியா புல்லிங் என்ற அம்மாள் தன் மகனைப் பறிகொடுத்தார். அதற்கு இந்த விளையாட்டே காரணம் என்று நம்பி 1983-ல் ஒரு சங்கம் தொடங்கினார். 1985-ல் பிரபல டெலிவிஷன் நிகழ்ச்சியிலேயே இந்தக் குற்றச்சாட்டு வந்தது. பெற்ற வயிற்றின் துக்கத்தை யாரால் குறை சொல்ல முடியும்? ஆனால் பின்னால் ஆராய்ந்தவர்கள், விளையாட்டு பிள்ளைகளை அந்த முடிவுக்குத் தள்ளியதாகக் காணவில்லை. இருந்தாலும் பயம் லேசில் போகவில்லை. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பிசாசுகளுக்கெல்லாம் வாயில் நுழையாத புதுப் பெயர்களைச் சூட்டிவிட்டார்கள்! பெயரை மாற்றினால் பிசாசு மாறிவிடுமா? 2000-ல் வந்த பதிப்பில் பழைய பெயர்கள் திரும்பி வந்தன.

பிசாசுப் படம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நம் கோவில் சுவர்களில் இல்லாத அசுரனா? என் கவனமெல்லாம், பிள்ளைகள் மேஜையில் என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பதில்தான் இருந்தது.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு குணத்தை எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. 1974-ல் மூன்றே வகை: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் என்ற நாவலாசிரியர்களின் கதைகளிலிருந்து வந்த எண்ணம் அது. 1978-ல் வந்த புத்தகத்தில் அது ஒன்பதாகிவிட்டது. இவன் சட்டத்தை மதிப்பவனா, தன் மனம்போல் போகிறவனா, இரண்டுக்கும் நடுவா என்பது ஒரு கேள்வி. பிறருக்கு நல்லது நினைப்பவனா, கெடுதல் நினைப்பவனா, நடுவா என்பது இன்னொன்று. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது.

நம் அஞ்சறைப் பெட்டி மாதிரி இது ஓர் ஒன்பதறைப் பெட்டி. சொன்ன வாக்குக்காகக் காட்டுக்குப் போகிறவர் ஓர் அறை. பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுக்கிற நல்ல திருடன் இன்னோர் அறை. பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, சட்டப்படியே வீட்டை எழுதி வாங்கிக்கொள்கிற வட்டிக்காரனுக்கும் தனி அறை உண்டு! சட்டப்படி நடப்பதும் நல்லதாக நடப்பதும் வேறு வேறு என்று பதின்மூன்று வயதுப் பையனுக்குப் புரிய வைக்க இதைவிட சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பெட்டி என்றாலே ஒரு தொல்லையும் கூடவே வரும். குணத்தை எழுதி ஒட்டிவிட்டால், அதையே சாக்காகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் மேஜையில் அப்படித்தான் நடந்தது. அடுத்த தெருப் பையன் ஒருவன் திருடன் வேஷம். தன் கூட்டாளிகள் தூங்கும்போது அவர்கள் பையிலிருந்தே தங்கக் காசைத் திருடிவிட்டான். மற்றவர்கள் கத்தினார்கள். "நான் என்ன பண்ண? என் காகிதத்தில் கெட்டவன் என்றுதானே போட்டிருக்கிறது! என் ஆள் அப்படித்தான் செய்வான்" என்றான் அவன்.

என் மகன் மாடிக்கு ஓடி வந்து என்னிடம் பஞ்சாயத்துக்கு நின்றான். நான் சொன்னேன்: "அவன் திருடினது தப்பா சரியான்னு நீ தீர்ப்பு சொல்லாதே கண்ணா. ஒரு கேள்வி கேளு. இவ்வளவு நாள் இவங்க கூட ஒரே பானையில சாப்பிட்டிருக்கானே, ஏன் இவங்களோட சேர்ந்து வரான்? அதுக்கு அவன் ஒரு காரணம் சொல்லட்டும்."

கேட்டிருக்கிறான். அந்தப் பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "என் ஆளுக்கு வேறு யாரும் இல்லை" என்றானாம். அதன் பிறகு திருட்டு நிற்கவில்லை. ஆனால் கூட்டாளிகளிடம் நின்றுவிட்டது. காகிதத்தில் எழுதிய குணத்தை உருவாக்கியவனும் அவனேதானே? "நான் அப்படித்தான்" என்பது பதில் ஆகாது என்று விளையாட்டிலேயே தெரிந்துகொண்டால், நாளைக்குக் குடித்தனத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு கூசும். நம்மில் எத்தனை பேர் அந்த வார்த்தையை வீட்டில் கேட்டிருக்கிறோம்!

பெரிய கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது.

அன்று சனிக்கிழமை இரவு. அத்தை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். மகன் வந்து உட்கார்ந்தான். முகமே சரியில்லை.

"அம்மா, கெட்டவன் பிள்ளையும் கெட்டவனா?"

விஷயம் இதுதான். வழிப்போக்கர்களைக் கொள்ளையடிக்கும் காப்ளின் என்ற குள்ளப் பூதக் கூட்டத்தைப் பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள். கடைசிக் குகைக்குள் போனால், அங்கே ஏழு காப்ளின் குட்டிகளும் ஒரு கிழவியும். பாலடின் என்று ஒரு வேஷம் உண்டு. தர்மத்துக்கே உயிரைக் கொடுக்கும் வீரன். அந்த வேஷம் போட்ட பையன், "புத்தகத்தில் காப்ளின் கெட்ட ஜாதி என்று போட்டிருக்கிறது. வளர்ந்தால் இதுகளும் கொள்ளையடிக்கும். தீர்த்துவிடுவோம்" என்றான். இன்னொருவன் வேண்டாம் என்றான். வாக்குவாதம் முற்றியது.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பெண் குழந்தை. வைத்தியர் வேஷம் அவளுக்கு. "அந்தக் குட்டிகள் எதையாவது திருடினவா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். பாலடின், "இன்னும் இல்லை" என்றிருக்கிறான். உடனே வயிற்றை வலிக்கிறது என்று அம்மாவுக்குப் போன் செய்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

என் மகனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணின் அப்பா இரண்டு வருஷமாக ஜெயிலில் இருக்கிறார். அம்மா ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக் குழந்தையை வளர்க்கிறாள். பள்ளிக்கூடத்தில் யார் யார் என்னென்ன சொல்லியிருப்பார்களோ!

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை நார் உரிப்பதை நிறுத்திவிட்டு, "பிரகலாதன் யார் பிள்ளைடா?" என்றார்.

"இரணியன் பிள்ளை, பாட்டி."

"பிரகலாதனோட பேரன்?"

"தெரியாது."

"மகாபலி. கேட்டவாளுக்கு இல்லேங்காதவன். அசுர வம்சம்தான் அதுவும். இன்னும் கேளு. ராவணன், கும்பகர்ணன், விபீஷணன் மூணு பேரும் ஒரே வயித்துப் பிள்ளைகள். ஒருத்தன் தப்பு பண்ணினான். ஒருத்தன் தப்புன்னு தெரிஞ்சும் அண்ணனுக்காக நின்னான். ஒருத்தன் விட்டுட்டு வந்தான். இதுல பிறப்பு எங்கேடா வந்தது?"

பகடையைக் கண்டு முகம் சுளித்த அதே அத்தைதான்! ஆனால் என் மகன் சும்மா விடுகிறவன் இல்லை. "அப்போ யாரோடதான் சண்டை போடறது? எல்லாரும் பாவம்னா விளையாட்டே இல்லையே" என்றான்.

நியாயமான கேள்விதானே? பிள்ளைகளுக்குப் பூதத்தை ஜெயிக்கிற குஷி வேண்டும். எதற்கெடுத்தாலும் உபதேசம் செய்தால் அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். நானும் மகனும் அன்றிரவு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். மந்திரத்தால் எழுப்பிவிட்ட எலும்புக்கூடு, தீமையே உருவாக வந்த பிசாசு, இவற்றோடு தாராளமாகச் சண்டை போடலாம். அவற்றுக்கு வீடில்லை, வாசலில்லை. ஆனால் அடுப்பு மூட்டிச் சமைக்கிற, பிள்ளை வளர்க்கிற, வாய் திறந்து பேசுகிற கூட்டம் என்றால், அவன் யார் என்று கேட்காதே. என்ன செய்தான் என்று கேள். கிணற்றில் விஷம் கலந்தவனோடு சண்டை போடு. கலந்தவன் காப்ளினாக இருந்தாலும் சரி, மனுஷ ராஜாவாக இருந்தாலும் சரி.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் மட்டும் வந்ததல்ல. விளையாட்டோடு கூடப் பிறந்தது. கைகாக்ஸ் எழுதிய ஒரு பழைய பிரபலமான கதையிலேயே, பூதங்களின் குகைகளில் சண்டை போடாத பெண்களும் குட்டிகளும் இருப்பதாகக் கணக்குக் கொடுத்திருக்கிறார். அவர்களை என்ன செய்வது என்பது ஆடுகிறவர்கள் பாடு. ஆயிரக்கணக்கான மேஜைகளில் இதே சண்டை நடந்திருக்கிறது. 1978 புத்தகத்தில், பாலடின் தெரிந்தே ஒரு பாவம் செய்தால் அவன் சக்திகள் போனது போனதுதான். அப்படியானால் குட்டியைக் கொல்வது பாவமா, கடமையா? அந்தப் பதிலைப் பொறுத்து வேஷமே பறிபோய்விடும்!

விளையாட்டும் மெல்ல மெல்ல மாறி வந்திருக்கிறது. 2008-ல் ஒன்பது அறைகளை ஐந்தாகக் குறைத்தார்கள். 2014-ல் ஒன்பதும் திரும்பி வந்தது. ஆனால் பாலடின் இந்த அறையில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. 2020-ல், இப்போது இதை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனியே, ஆர்க் போன்ற கூட்டங்களைப் பிறவிக் கெட்டவர்களாகக் காட்டுவது சரியில்லை, மற்றவர்களைப் போலவே அவர்களிலும் பலவிதம் உண்டு என்று காட்டுவோம் என அறிவித்தது. அத்தையிடம் சொன்னேன். "இதை எங்க ஊர்ல எப்பவோ சொல்லியாச்சே" என்றார்!

எனக்கு மிகவும் பிடித்தது, 1985-ல் கிரெக் ஸ்டாஃபர்ட் என்பவர் ஆர்தர் ராஜா கதைகளை வைத்துச் செய்த பென்டிராகன் என்ற விளையாட்டின் முறை. அதில் குணங்கள் ஜோடி ஜோடியாக வரும். இரக்கம் பதின்மூன்று என்றால் கொடூரம் ஏழு. இரண்டும் சேர்ந்து எப்போதும் இருபது. ஒருவன் இரக்கமாக நடந்துகொண்டே வந்தால் இரக்கம் ஏறும், கொடூரம் இறங்கும். யாரிடமும் ஒன்று மட்டும் முழுதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழகப் பழகத்தான் சுபாவம். பிள்ளை வளர்க்கும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பெண் குழந்தையின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஜெயில், அப்பா என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. "உங்கள் பெண்ணைப் பிள்ளைகள் தேடுகிறார்கள். அந்தக் கதை அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தக் குகையையே எடுத்துவிடச் சொல்கிறேன்" என்றேன். மறுநாள் பதில் வந்தது. குகையை எடுக்க வேண்டாமாம். ஆனால் முடிவைத் தானே எடுக்க வேண்டுமாம்.

என் மகன் மற்றவர்களிடம் கேட்டான். பாலடின் பையன் தலையை ஆட்டினான். அவன் பொல்லாதவன் இல்லை. புத்தகத்தில் போட்டதை நம்பினான், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். கொள்ளைக் கூட்டத் தலைவனைக் கொல்லாமல், கட்டி, ஊர் நீதிபதியிடம் ஒப்படைப்பது என்றாள். செய்த குற்றத்துக்கு அவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிறகு தன் வைத்தியரைக் கிழவியிடம் அனுப்பினாள். "குட்டிகளுக்குச் சாப்பாடு தருகிறோம், நம்புங்கள்" என்றாள். நம்ப வைக்க இருபது முகப் பகடையில் பதினாலு விழ வேண்டும். விழுந்தது ஒன்பது. கிழவி நம்பவில்லை. கல்லை விட்டெறிந்தாள்.

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்களாம். அவள், "சரி, ரொட்டித் துணி மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போகலாம்" என்றாளாம். நல்லது செய்தால் உடனே நல்லது நடக்க வேண்டும் என்று பகடைக்குத் தெரியாதே! பலன் கிடைக்காவிட்டாலும் செய்தாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அன்று சாயங்காலம் என் சமையலறையில் உட்கார்ந்து மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து என் மகன் கதையில் ஒன்று சேர்த்தான். பிள்ளைகள் காட்டில் கூடாரம் போட்டுத் தூங்கி எழுந்தால், பக்கத்துப் பாறை மேல் அந்த ரொட்டித் துணி, துவைத்து மடித்து வைத்திருக்கிறது. யார் வைத்தது என்று சொல்லவில்லையாம். நான் சொல்லிக்கொடுத்ததல்ல, அவனாகவே யோசித்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதையோ, இது மாதிரிக் கதை விளையாட்டையோ பிடித்துக்கொண்டால், எங்கள் வீட்டில் பலன் கொடுத்த சில வழிகளைச் சொல்கிறேன்.

தொடக்கப் பெட்டியில் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. அதைக் கவனியுங்கள். எல்லாக் கதை விளையாட்டும் பிள்ளைகளுக்கானதல்ல. 1991-ல் வந்த வாம்பயர் என்ற விளையாட்டில், ரத்தக் காட்டேரியான ஒருவன் தன் மனிதத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதற்கு எண் போட்டுக் கணக்கு வைப்பார்கள். யோசிக்க வைப்பதுதான், ஆனால் பெரியவர்களுக்கானது.

ஆட்டம் தொடங்கும் முன், எதெல்லாம் கதையில் வரக்கூடாது என்று பிள்ளைகள் கூடிப் பேசிக்கொள்ளட்டும். எங்கள் மேஜையில் நாய்க்குக் கெடுதல் வரக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது! பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டையை நடுவில் வையுங்கள். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் சொன்ன யோசனை இது. வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் போக வேண்டிய அவசியம் அதற்கப்புறம் எந்தக் குழந்தைக்கும் வரவில்லை.

பிள்ளை கெட்டவன் வேஷம் போட்டால் பதறாதீர்கள். தெருக்கூத்தில் துரியோதனன் கட்டுகிறவர் துரியோதனன் ஆகிவிடுவதில்லை. ஆனால் மேஜையில் நிஜமாகவே ஒரு குழந்தையின் மனம் நோகிறதா என்று மட்டும் கண் வையுங்கள். கதைக்குள் நடக்கும் கெடுதல் வேறு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு நடக்கும் கெடுதல் வேறு.

கடைசியாக, ஆட்டம் முடிந்து பசியோடு மேலே வரும்போது "ஜெயித்தாயா?" என்று கேட்காமல், "இன்னிக்கு யார் கெட்டவன்? ஏன் கெட்டவன்?" என்று கேட்டுப் பாருங்கள். தட்டில் சாதம் ஆறுவது தெரியாமல் பேசுவார்கள். அந்த "ஏன்" என்ற கேள்வி பழகிவிட்ட பிள்ளை, பள்ளிக்கூடத்தில் ஒருத்தியைக் காட்டி "அவ அப்பா யார் தெரியுமா?" என்று யாராவது கிசுகிசுத்தால், "இருக்கட்டுமே, அவள் என்ன செய்தாள்?" என்று திருப்பிக் கேட்கும்.